பூஜ்யத்தையும் எழுதுங்கள்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி என் நேரத்தையும் அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மைக்செட் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்தப் பங்குனி வெயிலில் போர்த்தினீர்கள். நான் இப்போது சொல்லப்போகும் குளிர் ஊரில் போர்த்தியிருந்தால் இன்னும் உபகாரமாக இருந்திருக்கும்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். போன பயணம், படித்த பாடம், ஒரு காட்டையே மொட்டையடித்த புழு.

ஊர் அபிஸ்கோ. ஸ்வீடனின் வடகோடி மலையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது அங்குள்ள ஆய்வு நிலையத்தில் சூழலியல் வகுப்பு ஒன்றில் இடம் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ரயில் ஏறி, ராத்திரி முழுக்க ஓடியும் ஊர் வரவில்லை. காலையில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. வழியில் கிருனா என்று ஒரு ஊர், அங்கே இரும்புத்தாதுச் சுரங்கம். அந்தத் தாதுவை நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதையில்தான் நம் ரயிலும் போகிறது. எதிரே வந்த சரக்கு ரயிலின் பெட்டிகளைச் சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினேன், 68. சுரங்கம் அடியில் குடைந்துகொண்டே போவதால் கிருனா ஊரையே இடம் மாற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்கிருந்த பழைய மரத் தேவாலயத்தை அப்படியே வண்டியில் ஏற்றி 5 கிலோமீட்டர் நகர்த்திவிட்டார்கள். நம் ஊரில் பேருந்து நிறுத்தத்தை நூறடி தள்ளி வைப்பதற்கே எத்தனை மனு! சரி, அது வேறு கதை.

அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் பெயர் சாமி. சிரிக்காதீர்கள், உண்மைப் பெயரே அதுதான். கலைமான் மேய்ப்பவர்கள்.

நான் போனது ஜூன் கடைசி. அப்போது அங்கே ராத்திரி என்பதே கிடையாது. எல்லோரும் எச்சரித்தார்கள், நான் கேட்கவில்லை. முதல் நாள் களைப்பில் படுத்தவன், முகத்தில் வெளிச்சம் அடிக்கத் திடுக்கிட்டு எழுந்தேன். கைபேசியில் சார்ஜ் இல்லை. ஐயையோ, முதல் வகுப்புக்கே தாமதம் என்று பல் தேய்த்து, முகச்சவரம் செய்து, திருநீறு இட்டு, புது நோட்டும் பேனாவுமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆள் இல்லை. இவ்வளவு சோம்பேறிகளா வெள்ளைக்காரர்கள் என்று மனசுக்குள் ஒரு பெருமிதம். கால் மணி நேரம் கழித்து, நீராவிக் குளியல் முடித்துத் தோளில் துண்டோடு ஒரு ஃபின்லாந்துப் பெண் வந்தாள். என்னையும் நோட்டையும் பார்த்தாள். "தூக்கம் வரவில்லையா?" என்றாள். "காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றேன். "இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் பன்னிரண்டே முக்கால்!

அவள் போன பிறகுதான் ஜன்னலை ஒழுங்காகப் பார்த்தேன். வெளிச்சம் தூர்னேத்ரெஸ்க் ஏரிக்கு அப்பாலுள்ள மலைகளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அந்த ஏரி இருப்பது ஆய்வு நிலையத்துக்கு வடக்கே. வடக்கிலிருந்து விடிகிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் ஜன்னலில் என் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினேன். வகுப்பு முடியும்வரை அதுதான் என் ராத்திரி.

பாடத்துக்கு வருகிறேன். பக்கத்தில் ஸ்டூர்டாலன் என்று ஒரு சதுப்பு நிலம். பலகை போட்ட பாதையில் வரிசையாக நடத்திப் போய், ஆளுக்கொரு இரும்புக் கம்பி கொடுத்து மண்ணில் குத்தச் சொன்னார்கள். மேட்டில் குத்தினால் முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, 'டக்'கென்று நின்றுவிட்டது. அடியில் வருஷம் முழுக்க உருகாத உறைமண். நாலடி தள்ளிப் பள்ளத்தில் குத்தினால் கம்பி முழுசாகப் போய்விட்டது. அங்கே உறைமண் உருகி, தண்ணீர் தேங்கி, பஞ்சு மாதிரிப் பூக்கிற கோரை முளைத்திருந்தது. அந்தச் சேற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. பூமி சூடாவதால் உறைமண் உருகுகிறது, உருகியதிலிருந்து வரும் வாயு மேலும் சூடாக்குகிறது.

இது மாறிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால். எறும்பு ஊரக் கல்லும் தேயும். அந்த ஆய்வு நிலையம் 1903-ல் மேற்கே ரயில் பாதையோரம் தொடங்கியது. 1910-ல் தீப்பிடித்து எரிந்தே போனது. விட்டார்களா? அபிஸ்கோவில் மறுபடி கட்டி, 1913 முதல் வெப்பமும் மழையும் குறித்து வருகிறார்கள். இத்தனைக்கும் அது ஸ்வீடனிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. வருஷத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர். நம் டெல்டாவில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அந்தக் கொஞ்ச மழையை அளக்க ஒருவர் தினமும் கொசுக்கடியில் போய்க் குனிகிறார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதுதானய்யா!

நமக்கு இது புதுசா? 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது, தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். கல் தேயவில்லை, ஊர எறும்புதான் போதவில்லை. போன மழையில் நம் தெருவில் எவ்வளவு பெய்தது என்று இந்தக் கூட்டத்தில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். "நல்ல மழை சார்" என்பீர்கள். நல்ல மழை என்றால் எத்தனை மில்லிமீட்டர்? அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: பள்ளிக்கு ஒரு மழைமானி, ஒரு நோட்டு.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். புழுவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. 1950-களின் நடுவில் ஒரு அந்துப்பூச்சியின் புழு அபிஸ்கோவின் பிர்ச் மரக் காட்டை இலையில்லாமல் தின்றுவிட்டது என்பதோடு விடுகிறேன்.

தலைமையாசிரியர் அம்மா, மேடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மரத்தடியில் வைக்காதீர்கள், மொட்டை மைதானத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு மழை இருக்காது, எனக்கும் தெரியும். இருந்தாலும் தேதியைப் போட்டு 0.0 என்று எழுதச் சொல்லுங்கள். கட்டத்தைக் காலியாக மட்டும் விடவேண்டாம்.

வணக்கம்.