இமாஜின்: மெட்டுக்குக் கிடைத்த புகழ்

மதுரை நேயர்களுக்கு வணக்கம். கீபோர்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இங்கிலீஷ் பாட்டு கேட்டுப் பழகிய பிள்ளை ஒன்று வகுப்பில் சேர்ந்தால், விரல் படியும் முன்பே, "சார், இமாஜின் வாசிக்கணும்" என்று வந்து நிற்கும். இங்கிலாந்துப் பாடகர் ஜான் லெனன் 1971-இல் வெளியிட்ட பாட்டு. சொர்க்கம் இல்லை, நாடுகள் இல்லை, மதம் இல்லை, சொத்து இல்லை என்று நினைத்துப் பாருங்கள் என்கிறது. இதற்கு இத்தனை பேரும் புகழும் தகுமா?

மெட்டுக்குத் தகும். கார்டு என்றால் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது; இது சி கார்டில் தொடங்கி எஃப் கார்டுக்குப் போகிறது. திரும்பி வருவதற்குள் ஏ, ஏ ஷார்ப், பி என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் மூன்றைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்த மூன்று கட்டை காதில் விழுந்ததுமே என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். நிதானமான நடை, மூன்றே நிமிடம், தொண்டையைச் சோதிக்கும் சங்கதி கிடையாது. ஆயிரம் பேர் சேர்ந்து பாடினாலும் கலையாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஸ்டீவி வொண்டர் பாடினார். அதற்குப் பிறகும் ஒலிம்பிக் மேடைகள் இதை விடவில்லை.

வரிகளில்தான் எனக்கு இடிக்கிறது. இங்கே ஒரு பள்ளி ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு பிள்ளைகள் இதைப் பாடினார்கள். சொர்க்கமும் மதமும் இல்லை என்ற வரிகளுக்கு முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை தடவியிருப்பதால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று லெனனே சொல்லியிருக்கிறார். 2011 கடைசி நாள் இரவு, நியூயார்க் புத்தாண்டு நிகழ்ச்சியில் சீலோ கிரீன் என்ற பாடகர் அந்த மத வரியை, எல்லா மதமும் உண்மை என்று மாற்றிப் பாடி வாங்கிக்கட்டிக்கொண்டார். என்னைக் கேட்டால், வரியின் காரம் உறைத்தவர் அவர்தான்.

எழுபது ஏக்கருக்கு மேல் தோட்டமும் மாளிகையுமாக வாழ்ந்தவர் சொத்து வேண்டாம் என்று பாடலாமா என்பார்கள். பாட்டைப் பதிவு செய்ததும் அந்த வீட்டு ஸ்டுடியோவில்தான். இருக்கட்டுமே. பாடியவரின் பட்டா சிட்டாவைப் பார்த்தா பாட்டை ரசிக்கிறோம்?

என் குறை வேறு. நம் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-இல் ஐ.நா. சபையில் 'மைத்ரீம் பஜத' பாடினார். காஞ்சிப் பெரியவர் எழுதியது. வியட்நாமில் அமெரிக்கா குண்டு போட்டுக்கொண்டிருந்த சமயம். இவர் நியூயார்க்கில் நின்று, போரை விடுங்கள், போட்டியை விடுங்கள், பிறரை உங்களைப்போல் பாருங்கள் என்று நேருக்கு நேர் பாடுகிறார். லெனன் நினைத்துப் பார்க்கத்தான் சொல்கிறார். நினைப்பதற்கு என்ன செலவு?

ஆனால் ஒன்று. எம்.எஸ். பாட்டைக் கைகூப்பிக் கேட்கிறோம், கூடப் பாடுவதில்லை. லெனனோ, கனவு காண்பவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்று சொல்லிக் கேட்பவரையும் உள்ளே இழுத்துப்போட்டுக்கொள்கிறார். அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சரி, இப்போது பாட்டு ஒலிபரப்பாகும். இரண்டாவது சரணம் வரும்போது வால்யூமைக் கொஞ்சம் கூட்டி, வரிகளைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நிலையத்துக்கு எழுதிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.