கார்வை: சென்ற ஆண்டில் என் செவியில் நின்றவை

(தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, கிளிநொச்சியில் இசை அன்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேளக் கலைஞர்களே, அண்ணாவியார்களே, தாய்மாரே, இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

2025ஆம் ஆண்டில் நான் கேட்ட இசையில் என் மனத்துக்கு மிக நெருங்கியவை எவை என்று சொல்லுமாறு என்னை இம்மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். நான் பாடகன் அல்லன். எந்த வாத்தியத்தையும் குருவிடம் அமர்ந்து கற்றவனும் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காது கொடுத்து வருபவன் என்பதே என் தகுதி. எந்த நாளில், எந்த இடத்தில், யாரை, எதைக் கேட்டேன் என்பதையும், அதில் எவ்விடத்தில் மனம் நின்றது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. இவ்வுரைக்காக அந்தக் கொப்பியைத் தை முதல் மார்கழி வரை புரட்டியபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறிப்புகளின் ஓரத்திலெல்லாம் ஒரே சொல்லை எழுதியிருப்பதைக் கண்டேன். அந்தச் சொல் கார்வை.

மேளக் கலைஞர்கள் முன்னிலையில் கார்வையை நான் விளக்குவது முறையாகாது. எனினும் மாணவர்கள் சிலர் வந்திருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ததிகிணதொம்' என்ற சொற்கட்டு, அதாவது தாளச் சொற்களின் கோவை, ஐந்து அட்சரம் கொண்டது; அட்சரம் என்பது தாளத்தை எண்ணும் அலகு. 'ததி' என்பதற்குப் பின் ஓர் அட்சரம் இடம் விட்டுக் 'கிணதொம்' என்று முடித்தால் அது ஆறாகும். 'த' என்பதற்குப் பின்னும் ஓர் இடம், 'தி' என்பதற்குப் பின்னும் ஓர் இடம் விட்டால் ஏழாகும். கை வாசித்த சொற்கள் அதே ஐந்துதான். வாசிக்காமல் விட்ட இடமே சொற்கட்டை வளர்த்தது. அந்த இடத்துக்குத்தான் கார்வை என்று பெயர். ஒரு ஸ்வரத்தை அவசரப்படாமல் நீட்டி நிறுத்துவதையும் அதே பெயரால் சொல்கிறோம். சென்ற ஆண்டு என்னை ஆட்கொண்டவர்கள் அனைவரும் இந்த இடத்தை விடத் தெரிந்தவர்கள்.

முதலில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிறிய அம்மன் கோயிலில் ஆடி மாதக் கடைசியில் நான் கேட்ட மேளத்தைச் சொல்ல வேண்டும். எட்டாம் திருவிழா இரவு. வசந்த மண்டபத்திலிருந்து அம்மன் எழுந்தருளும்போது கம்பீர நாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கென வாசிக்கும் மல்லாரி தொடங்கியது. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரி, கிடையாது; சொற்கட்டும் நடையும் மட்டுமே சுவாமியை வீதிக்கு அழைத்து வருகின்றன. அதை நன்றாக வாசிக்கும் பலரைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைய இரவு என் கொப்பியில் மூன்று பக்கம் பிடித்ததற்குக் காரணம், சுவாமி தெற்கு வீதி மூலையில் தரித்த பிறகு வந்த கரகரப்பிரியா ராக ஆலாபனை, தாளமின்றி ராகத்தை விரிக்கும் வாசிப்பு. அந்த நாதஸ்வரக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரிஷபத்தைப் பிடித்தார், பிடித்து அங்கேயே நின்றார். சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஸ்வரத்துக்கு எப்போது போவார் என்று நான் எதிர்பார்த்த வேளை கடந்தது; எதிர்பார்ப்பும் கடந்தது; அந்த ஒரு ஸ்வரத்துக்குள்ளேயே ராகத்தின் முகம் முழுவதும் தெரியத் தொடங்கியது. பிறகு அவர் காந்தாரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு மீண்டும் ரிஷபத்துக்கு இறங்கியபோது, எனக்குப் பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டு நின்ற அம்மா, கையில் சுருளோடு அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு தவில்கள் இருந்தன. ஆலாபனை நடந்த இருபது நிமிடமும் அந்த இருவரும் தோற்கருவியில் கை வைத்தபடி வாசிக்காமல் இருந்தார்கள். இது முறைதானே என்று நீங்கள் சொல்லலாம். முறைதான். ஆனால் இளையவர் ஒருவர், கைவிரல்களில் கூடு மாட்டி, தோளில் வார் இறுக, வேர்வை வழிய, ஒரு தட்டும் தட்டாமல் ராகத்தோடு கூடவே போவதை நீங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதன் பின்பு, தவில் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் வந்தபோது அவர் வாசித்த முதல் சொல்லே, அவர் அந்த இருபது நிமிடமும் கேட்டதன் விடையாக இருந்தது.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். அன்றிரவு அந்தக் கோயிலில் மேளத்துக்கு ஒலிவாங்கி வைக்கவில்லை. நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே உருவான வாத்தியங்கள். நாலு வீதிக்கும் கேட்கும் குரல் அவற்றுக்கு இயல்பாகவே உண்டு. அவற்றின் வாயிலேயே ஒலிவாங்கியைக் கட்டிப் பனை உயரத்தில் ஒலிபெருக்கியை ஏற்றும்போது முதலில் செத்துப்போவது கார்வைதான். நிறுத்திய ஸ்வரம் இரைச்சலாக மாறுகிறது; விட்ட இடத்தை எதிரொலி நிரப்பிவிடுகிறது. கோயில் பரிபாலன சபையார் யாராவது இந்த அவையில் இருந்தால், ஒரே ஒரு திருவிழாவுக்காவது மேளத்தை வெறுமனே ஒலிக்க விட்டுப் பாருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

அந்த இரவுக்குப் பிறகு, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து மீண்டும் கேட்டேன். 1975இல் மறைந்த அந்தத் தவில் மேதை தமிழகத்தின் பெரும் நாதஸ்வர வித்துவான்களுக்கெல்லாம் உடன் வாசித்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். புதிதாக வெளிவந்த எதையும் சொல்லாமல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்த கையைச் சென்ற ஆண்டின் விருப்பங்களில் சேர்ப்பது பொருந்துமா என்று கேட்கலாம். நான் அவரைச் சரியாகக் கேட்டது சென்ற ஆண்டில்தான். காரணம் சொல்கிறேன். தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை. துவிச்சக்கரவண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பாட்டுக் கேட்டோம். எங்கள் வீட்டில் சுற்றும் வேலை என்னுடையது. மாமா தெட்சணாமூர்த்தியின் தனியாவர்த்தனம் பதிந்த ஒரு கசெற் வைத்திருந்தார். அதில் ஓரிடத்தில் தவில் சட்டென்று நின்றுவிடும். வேகம் குறைந்துதான் நின்றுவிட்டது என்று பயந்து நான் பெடலை இன்னும் வேகமாகச் சுற்றுவேன். "பொறடா தம்பி, அவர் நிப்பாட்டினவர்" என்று மாமா சொல்வார். அந்தச் சொல்லின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. சென்ற ஆவணியில், அதே வாசிப்பை அமைதியான அறையில் கேட்டபோது, அந்த இடத்தில் அவர் விட்டது எவ்வளவு துணிச்சலான கார்வை என்பது விளங்கியது. தாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்பவனுடைய நெஞ்சு அதை எண்ணுகிறது. அவர் திரும்பி வரும் இடம் நாம் எண்ணிய இடத்துக்கு அரை அட்சரம் தள்ளி இருக்கிறது. மாமா இன்று இல்லை.

அடுத்து, திரையிசை. சென்ற ஆண்டு தொடங்கி ஒன்பதாம் நாள், 2025 ஜனவரி 9ஆம் திகதி, பாடகர் பி. ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார். அவருக்கு அப்போது வயது 80. 1958இல் கேரளப் பள்ளிகளின் இளைஞர் விழாவில் வாய்ப்பாட்டில் முதற்பரிசு பெற்றவர் யேசுதாஸ், மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்றவர் ஜெயச்சந்திரன். அவருடைய பாட்டை விளங்கிக்கொள்ள இந்தச் செய்தி எனக்குப் பெரிதும் உதவியது. மிருதங்கக்காரனுடைய மனத்தோடு பாடியவர் அவர். ஒரே வரியை விதம்விதமாக மாற்றிப் பாடும் சங்கதிகளை அடுக்கமாட்டார். சொல்லை உரிய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த சொல் வரும்வரை இசைக்கருவிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

அவர் மறைந்த மறுநாள் காலை நான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வானொலியில் அவருடைய பாட்டுகளை வரிசையாகப் போட்டார்கள். மாங்குளம் சந்தியில் பேருந்து நின்றிருந்தபோது, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அவர் சின்மயியோடு பாடிய 'ஒரு தெய்வம் தந்த பூவே' ஒலித்தது. 2002இல் வந்த அந்தப் படத்தின் கதை மாங்குளத்தில்தான் தொடங்குகிறது. படப்பிடிப்பு இங்கே நடக்கவில்லை. திரையில் தெரிந்த ஊர் எங்கள் ஊரும் அல்ல. ஆனால் பெயர் எங்கள் பெயர். அந்தப் பெயரைத் திரையில் கேட்டு எத்தனை பேர் அன்று அழுதோம்! அதே ஆண்டில்தான் போரால் மூடியிருந்த கண்டி - யாழ்ப்பாண ஏ9 வீதியும் நெடுங்காலத்துக்குப் பிறகு திறந்தது. பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. ஓட்டுநர், ஏற வேண்டியவர்கள் ஏறிய பின்பும், பாட்டு முடியும்வரை வண்டியை எடுக்கவில்லை. அவர் வேண்டுமென்றே காத்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. காத்திருந்தார் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

இசைஞானி இளையராஜாவின் சிம்பொனி சென்ற மார்ச் 8ஆம் திகதி இலண்டனில் றோயல் பில்கார்மோனிக் இசைக்குழுவினரால் அரங்கேறியது. தமிழர் அனைவரும் பெருமை கொள்ளும் செய்தி அது. ஆயினும் நான் கேட்டவை செய்திகளில் வந்த சில துண்டுகளே. முழுவதையும் கேளாமல் விருப்பம் சொல்வது அவருக்கு மரியாதையாகாது. அந்தச் செய்தி என்னை 1988இல் வெளிவந்த அவருடைய 'நத்திங் பட் விண்ட்' தொகுப்புக்குத் திருப்பிவிட்டது. அதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலில் அவர் மூச்சு எடுக்கும் ஓசையும் இசையின் பகுதியாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

மூச்சு என்றதும் நான் வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். சென்ற ஆண்டில் நான் கேட்டவற்றுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால், முள்ளியவளைப் பக்கத்தில் தன் மகள் வீட்டுத் திண்ணையில் இருந்து ஓர் ஆச்சி பாடிய, நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டுக்கே என்று தயங்காமல் சொல்வேன். கோவலன் கூத்தில் பிற்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கும், அதாவது திருப்பிப் பாடும், முறையைப் பற்றி விசாரிக்கத்தான் நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், "பிற்பாட்டெல்லாம் வயலிலை படிச்சதுதான், ஆச்சியைக் கேளும்" என்று அனுப்பிவைத்தார்.

ஆச்சிக்கு எண்பத்துநான்கு வயது. முதலில் பாட மறுத்தார். வெட்டாமல் எப்படிப் பாடுவது என்பது அவருடைய நியாயமான கேள்வி. இன்று எங்கள் வயல்களில் இயந்திரம் இறங்கி ஒரு மணித்தியாலத்தில் ஓர் ஏக்கரை முடித்துவிடுகிறது. அதனால் உடம்பு நோகாமல் பிழைக்கிறோம் என்பதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அந்த இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவைப்படுவதில்லை, அவ்வளவே. கடைசியில் பேத்தி ஒரு பழைய அரிவாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஆச்சி அதை வாங்கினார். இடது கையால் இல்லாத கதிரைக் கொத்தாகப் பிடித்தார். பிள்ளையாரை முதலில் கூப்பிட்டுப் பாடத் தொடங்கினார்.

நான் கவனித்தது இதுதான். அரிவாளை இழுக்கும் நேரத்தில் பாட்டில் சொல் இல்லை. சொல் முடிகிறது, கை இழுக்கிறது, வெட்டிய கதிர்க் கொத்தான உப்பட்டி நிலத்தில் விழுகிறது, அதன் பின்புதான் அடுத்த சொல். முன்பாட்டுக்காரி விட்ட அந்த இடத்தில் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வரியை வாங்குவார்களாம். அன்று வாங்குவதற்கு ஆளில்லை. ஆனால் ஆச்சி அந்த இடத்தை விழுங்கவில்லை. இருபது பேர் திருப்பிப் பாடி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து, சரியாக அந்தக் கணக்கில் அடுத்த வரியை எடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் அப்படியே. ஏன் நிறுத்துகிறீர்கள், தொடர்ந்து பாடலாமே என்று நான் அறியாமல் கேட்டதற்கு அவர் சொன்ன விடையை அப்படியே சொல்கிறேன்: "அதெப்படித் தம்பி, அவையளும் பாட வேணுமெல்லோ?"

ஆச்சியின் சம்மதத்தோடு அந்தப் பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டேன். நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மின்சாரம் போய், வீதிகளை வெள்ளம் மூடி, தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்த நாட்களில், அந்தப் பதிவுக்கு வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையே என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. வெள்ளம் வடிந்து ஆச்சி வீட்டுக்குப் போனபோது, அவர் நலமாகவே இருந்தார். பேத்தி பாட்டில் பாதியைப் பழகியிருந்தாள்.

அந்தப் பதிவு நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். இப்போது அதை உங்களுக்காக ஒலிக்கவிடப் போகிறேன். மின்விசிறிகளைச் சிறிது நேரம் நிறுத்திவிடுமாறு மண்டபத்தைக் கவனிக்கும் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாவியார் அவர்கள் வரியை வாங்குவதற்கு இசைந்திருக்கிறார். ஆச்சி இடம் விடும்போது, தெரிந்தவர்கள் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.