பாட்டில் யார் கையில்?

வணக்கம். குழந்தை வளர்ச்சியும் கிராம சுகாதாரப் பணியாளர்களும் என்று இந்த வானொலிப் பேச்சுக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எடை, தடுப்பூசி எல்லாம் நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தவை, அதனால் நேரே கிலுகிலுப்பைக்கு வந்துவிடுகிறேன்.

இந்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. ஒருமுறை அவர்களில் ஒருவரோடு ஒரு வீட்டுக்குப் போனேன். பத்து மாதக் குழந்தை. அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார், உள்ளே கூழாங்கற்கள், மூடியை இறுக்கி ஒட்டியிருந்தார். ஒட்டியே ஆகவேண்டும், கழன்றால் கல் நேரே வாய்க்குத்தான் போகும். குலுக்கினார், முதுகுக்குப் பின்னால் ஒளித்தார், காணோமே என்றார், குழந்தை சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்து தேடியது. எனக்கு ஒரே பெருமை, நான் பயிற்சி கொடுத்த ஆளாயிற்றே! கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "நல்லா விளையாட்டுக் காட்டுறீங்க அக்கா. எனக்கு இதெல்லாம் வராது. அடுத்த வாரமும் வந்துடுங்க."

என் பெருமை புஸ்ஸென்று இறங்கிவிட்டது. எப்போதோ அரை மணி நேரம் வந்து போகிறவர் நன்றாக விளையாடி என்ன ஆகப்போகிறது? மிச்ச நேரமெல்லாம் குழந்தை வீட்டாரோடுதானே இருக்கிறது.

அன்றிலிருந்து பயிற்சியில் ஒரே பல்லவிதான்: பாட்டிலை அம்மா கையில் கொடுங்கள். ஒரு தடவை செய்து காட்டலாம், அப்புறம் அம்மா கையில். அவர் கூச்சப்பட்டு நம் முகத்தைப் பார்ப்பார். வாங்கிவிடாதீர்கள், பொறுங்கள். குழந்தை 'ங்ஙா' என்னும், அம்மாவும் 'ங்ஙா' என்பார், உடனே "பாருங்க, உங்க குரலுக்கு எப்படித் திரும்புறான்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் நீங்கள் போகாவிட்டாலும் விளையாட்டு நிற்காது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜமைக்காவில் 1986-87ல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற ஆய்வாளரின் குழு, வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளோடு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம் போய், குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து 22 வயதில் சம்பாதித்தது, இந்த வருகை கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். அது நகரத்து ஏழைக் குடியிருப்புகளில். கிராமம் வேண்டுமென்றால் பாகிஸ்தானின் சிந்து மாகாணம் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த பெண் சுகாதாரப் பணியாளர்களே இதையும் செய்தார்கள், இரண்டு வயதில் குழந்தைகளின் பேச்சும் புரிதலும் மேம்பட்டிருந்தன. தனியாக ஆள் போடவில்லை, அதைக் கவனியுங்கள்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பணியாளர்களின் ஊதியம் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், இனி நேரமில்லை. அதிகாரிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மட்டும்: பணியாளர்கள் பையில் ஏற்கெனவே பதிவேடுகள் நிறைய, விளையாட்டுக்கென்று இன்னொன்றைத் திணித்துவிடாதீர்கள். அப்பாக்களைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.