நறுக்காமல் பார்க்கிற கண்

வணக்கம். நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், ராத்திரி ஏழு மணிக்கும் அனல் அடங்காத இந்த வேலூர்ல மின்விசிறியை நம்பி உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும்.

வீட்டு மேசையில எலக்ட்ரானிக்ஸ் பழகுறவங்களுக்கு ஏத்தது பழைய சி.ஆர்.ஓ.வா, புது டிஜிட்டல் ஸ்கோப்பா? ரெண்டுமே மின்னழுத்தத்தோட ஏத்த இறக்கத்தைத் திரையில கோடா வரைஞ்சு காட்டுற ஆஸிலோஸ்கோப்தான்; சி.ஆர்.ஓ. கண்ணாடிக் குழாய்த் திரை ரகம், டிஜிட்டல் அலையை எண்களா மாத்தி வரையுற ரகம். நான் டிஜிட்டல் பக்கம் பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் ஐயா முப்பது வருஷம் லேப்ல பசங்களுக்கு சி.ஆர்.ஓ. சொல்லிக் கொடுத்தவர். எனக்கு மூத்தவர். அவர் போற போக்குல ஒரு வார்த்தை விட்டாரு, மண்டபமே கை தட்டிச்சு. "முள்ளு கத்திரிக்காய் நறுக்குறதுக்கு 30,000 ரூபாய்க்குப் பட்டாக்கத்தியா?"ன்னு கேட்டாரு.

ஐயா, கத்திரிக்காயை எடுத்துட்டீங்க. அதுவும் வேலூர்ல நின்னுக்கிட்டு! இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கின மண்ணுங்க இது. நம்ம வீட்டு அம்மாங்க சந்தையில கத்திரிக்காய் எப்படி வாங்குவாங்க? காம்பு பச்சையா இருக்கான்னு பார்ப்பாங்க. மெல்ல அமுக்குவாங்க. அப்புறம் ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பி ஒண்ணைத் தேடுவாங்க. என்ன அது? ஓட்டை! ஊசி முனை அளவு ஓட்டை. மேல பளபளன்னு மினுக்கும், உள்ளே புழு இருக்கும். நறுக்கின பிறகு தெரிஞ்சு என்ன புண்ணியம்? குழம்பு கொதிச்சிட்டிருக்கும்.

ஸ்கோப் நறுக்குற கத்தி இல்லைங்க ஐயா. நறுக்காம உள்ளே பார்க்கிற கண்ணு. கண்ணுக்கும் கத்திக்கும் ஒரே விலை போட்டுட்டீங்களே!

சரி, அந்தப் புழு கதையையே சொல்றேன். பள்ளிகொண்டா பக்கம் என் மச்சானுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கு. மூணு பேஸ் கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும். மச்சான் கட்டிலை மோட்டார் கொட்டாய்லயே போட்டுப் படுத்திருப்பாரு. பாவமா இருந்துச்சு. ஆர்டுயினோன்னு நிரல் எழுதி ஓட்டுற சின்னச் சர்க்யூட் பலகை வெச்சு நானே ஒரு ஆட்டோ ஸ்டார்ட்டர் செஞ்சு கொடுத்தேன். கரண்ட் வந்தா மோட்டார் ஓடணும், தொட்டி நிரம்பினா நிக்கணும். ரெண்டு வருஷம் ஓடிச்சு. மச்சான் வீட்டுல வந்து நிம்மதியாத் தூங்கினாரு.

மூணாவது கோடையில போன் வருது. "மாப்ள, கரண்ட் வருது, டக்குன்னு ஒரு சத்தம் வருது, மோட்டார் ஓடல." தினமும் இல்லைங்க. ஒரு ராத்திரி ஓடுது, ஒரு ராத்திரி ஓடல. மல்டிமீட்டர் வெச்சேன். 5 வோல்ட் சப்ளை 5 வோல்ட்டாவே நிக்குது. கத்திரிக்காய் மேல பளபளப்பு!

அப்ப என்கிட்ட இருந்தது, ஐயா பெருமையாச் சொன்னாரே, அதே 20 மெகாஹெர்ட்ஸ் சி.ஆர்.ஓ. தூக்கிட்டுப் போனேன். நல்லா கனக்கும். கொட்டாய்ல உட்கார்ந்தேன். பச்சைக்கோடு ஓடுது. கொசு கடிக்குது. ரெண்டு மணி. கரண்ட் வந்துச்சு. டக்! திரையில ஏதோ துள்ளின மாதிரி இருந்துச்சு. இருந்துச்சா? மச்சானைக் கேட்டேன். "நான் கண்ணை மூடிட்டேன் மாப்ள"ன்னாரு. மறுநாள் ராத்திரி போனேன், அன்னைக்கு ஒழுங்கா ஓடிச்சு. மூணாம் ராத்திரி கண்ணை விரிச்சு வெச்சுக்கிட்டே இருந்தேன். டக்! துள்ளிச்சு, போயிடுச்சு. நாம கண் இமைக்கவே 0.1 செகண்ட் ஆகும். அந்தத் துள்ளல் 0.003 செகண்ட். ஒரு ராத்திரிக்கு ஒரே தடவை வர்றவனை எந்தக் கண்ணு பிடிக்கும்? சி.ஆர்.ஓ. திரையில பூசியிருக்கிற பாஸ்பர் ஒரு கணம் மினுங்கிட்டு அணைஞ்சுபோகும்.

நாலாம் நாள் நண்பர்கிட்ட டிஜிட்டல் ஸ்கோப்பை இரவல் வாங்கிட்டுப் போனேன். 5 வோல்ட் லைன்ல ப்ரோபை, அதான் ஸ்கோப்போட தொடுமுனையை, மாட்டினேன். "4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா ஒரே ஒரு தடவை பிடி"ன்னு சிங்கிள் ட்ரிகர் வெச்சேன். சிங்கிள் பேஸ்ல ஸ்கோப்பை ஓட விட்டுட்டு, மச்சான் வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுத் தூங்கிட்டேன். தூங்கிட்டேங்க! அது முழிச்சிருந்துச்சு.

காலையில போய்ப் பார்த்தா, திரையில அப்படியே நிக்குது. 5 வோல்ட்ல இருந்து 2.4 வோல்ட்டுக்கு ஒரு பள்ளம், 3 மில்லிசெகண்ட் அகலம். ஆர்டுயினோ ஊனோல 2.7 வோல்ட்டுக்குக் கீழ சப்ளை இறங்கினா சில்லு தானே ரீசெட் ஆயிடும். மோட்டாரை அடுத்தடுத்துப் போட்டுக் கருக்கிடக் கூடாதேன்னு, ரீசெட் ஆனா அரை மணி காத்திருன்னு நான்தான் நிரல்ல எழுதியிருந்தேன். அதுதான் டக், அப்புறம் அமைதி.

அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, கேளுங்க. பள்ளத்துக்கு முன்னாடி நடந்ததையும் அது சேர்த்துப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. ட்ரிகருக்கு முந்தின கதை! மோட்டாரைப் போடுற மின்சுவிட்ச், அதான் ரிலே, இழுக்கிற அந்தக் கணத்துலதான் சப்ளை சரியுது. பெட்டியைத் திறந்தேன். சப்ளை சரியாம தாங்கிப் பிடிக்க வேண்டிய 1,000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காய்ஞ்சு கிடந்துச்சு. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கொட்டாய், தகரப் பெட்டி, வேலூர் அக்னி நட்சத்திரம். அது எங்கங்க பிழைக்கும்? சில ரூபாய் கெபாசிட்டர், 105 டிகிரி ரகமாப் பார்த்து மாத்தினேன். மச்சான் மறுபடியும் வீட்டுல தூங்கினாரு.

நாலு ராத்திரி ஐயா! மூணு ராத்திரி சி.ஆர்.ஓ.வுக்குக் கொடுத்தது, ஒரு ராத்திரி டிஜிட்டலுக்குக் கொடுத்தது. அந்த ஒரு ராத்திரியும் நான் தூங்கினது.

ஐயா இன்னொண்ணும் சொன்னாரு, டிஜிட்டல் பொய் சொல்லும்னு. நியாயமான எச்சரிக்கை, நான் ஒத்துக்கிறேன். டிஜிட்டல் அலையைப் புள்ளி புள்ளியாத்தான் அளக்கும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். சாம்பிள் போதாம வேகமான அலையைப் பார்த்தா, இல்லாத மெதுவான அலையைக் காட்டும். அதனால வாங்கும்போது பெட்டி மேல போட்ட எழுத்தை மட்டும் நம்பாதீங்க. செகண்டுக்கு 1 கிகா சாம்பிள்னு, அதாவது நூறு கோடின்னு, போட்டிருக்கும். ரைகால் 1054 மாதிரி நாலு சேனல் ஸ்கோப்ல நாலையும் போட்டா, அது பங்கு பிரிஞ்சு ஆளுக்கு 250 மெகாதான். 50 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்னா அந்த வேகத்துல வர்ற அலை எழுபது சதவீத உயரத்துக்குக் குறுகியிருக்கும்னு அர்த்தம். சின்னப் பசங்க இருக்கீங்க, இதையும் கேட்டுக்குங்க: ப்ரோபோட தரைக் கிளிப் எர்த்தோட சேர்ந்தது. எஸ்.எம்.பி.எஸ்.னு சொல்ற சுவிட்சிங் பவர் சப்ளையோட மெயின்ஸ் பக்கம் அதைக் கொண்டுபோய் மாட்டிடாதீங்க.

1897ல ஜெர்மனியில பிரவுன் செஞ்ச குழாய்தான் ஐயாவோட சி.ஆர்.ஓ.வுக்குப் பாட்டன். எத்தனையோ தலைமுறை அந்த வெளிச்சத்துலதான் மின்சாரத்தைக் கண்ணால பார்த்துச்சு. நானும் அதுல படிச்சவன்தான். கும்பிடுறேன். ஆனா அந்த வெளிச்சம் எதையும் வெச்சுக்காது ஐயா.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். எங்க அம்மா குடியாத்தத்துல பீடி சுத்தினவங்க. அந்தக் கூலியிலதான் நான் பாலிடெக்னிக் படிச்சேன். சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகு, தவணையில சொந்தமா டிஜிட்டல் ஸ்கோப் வாங்கினேன். பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. "இதுக்காடா அவ்ளோ துட்டு?"ன்னாங்க. "அம்மா, இந்த முனையைத் தொடு"ன்னு ப்ரோபை நீட்டினேன். பயந்துக்கிட்டே தொட்டாங்க. புகையிலைக் கறை ஏறின விரல். திரையில ஒரு அலை எழும்பிச்சு. வீட்டுச் சுவர்ல ஓடுற கரண்டை நம்ம உடம்பு ஏந்திக் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ், 20 மில்லிசெகண்டுக்கு ஒரு ஏத்தம் இறக்கம்.

"இன்னாடா இது, பாம்பாட்டம் நெளியுது?"ன்னாங்க.

"நீதாம்மா"ன்னேன்.

விரலை எடுத்தாங்க, அடங்கிச்சு. வெச்சாங்க, எழும்பிச்சு. எடுத்து எடுத்து வெச்சுப் பார்த்தாங்க. சிரிச்சாங்க. நான் ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அலை அப்படியே நின்னுச்சு. அதைப் பென்டிரைவ்ல ஏத்தி வெச்சேன்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகுது. தொட்டதும் எழும்புறது சி.ஆர்.ஓ.விலயும் எழும்பும் ஐயா, நான் மறுக்கல. ஆனா எனக்கு அது இருக்கணும். நடுவர் அவர்களே, அந்த அலை இன்னும் என்கிட்ட இருக்கு.