தட்டினால் விடு

வணக்கம் நேயர்களே. "கூண்டுக்குள் அடித்துக்கொள்கிற சண்டையில் என்ன நாகரிகம்?" என்று இன்று காலையிலும் என் மனைவி கேட்டார். நான் மட்டக்களப்பில் ஜூடோ சொல்லிக்கொடுப்பவன். கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை இரவிரவாகக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் என் மாணவர்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

கையிலோ கழுத்திலோ பூட்டு, அதாவது மூட்டை முறுக்கும் அல்லது கழுத்தை நெரிக்கும் பிடி விழுந்தால், அகப்பட்டவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டுவார். கைகள் சிக்கியிருந்தால் வாயால் சொல்வார். நடுவர் பாய்ந்து வந்து நிறுத்துவார். தட்டியதற்கும் நடுவர் வந்து சேர்வதற்கும் இடையில் ஒரு நொடி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, மண்டூரிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகேறி வாவியைக் கடந்து பயிற்சிக்கு வருவான் ஒரு நண்பன். ஒரு மாலை அவனுடைய முழங்கையைப் பூட்டினேன். தட்டினான். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன், நேயர்களே, கேட்டது. அன்றுதான் முதன்முறையாக அவனை மடக்கியிருந்தேன், அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். காய்ந்த கமுகு மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். இன்றும் அவன் வலது கை முழுதாக நீளாது. வீச்சுவலையை இடது கையால் எறியப் பழகிக்கொண்டான். வீட்டுக்குப் போனால், "மச்சான், தேத்தண்ணி குடி" என்று அந்த மடங்கிய கையாலேயே கோப்பையை நீட்டுகிறான்.

வளைந்த மரக் கொம்புகளைக் கொளுவி இழுக்கும் நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு அணிகளும் எவ்வளவு ஆவேசமாக இழுத்தாலும் முறிவது கொம்பு. நான் முறித்தது கை.

"நான் விட்ட பிறகு அவன் தட்டவேயில்லை என்று சாதித்தால்?" என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம், யூஎஃப்சி என்னும் கூண்டுச் சண்டை அமைப்பின் முதலாவது போட்டி. ரொய்ஸ் கிரேசி கழுத்தை நெரிக்க, கென் ஷாம்ரொக் தட்டினார். கிரேசி விட்டார். நடுவர் கவனிக்கவில்லை, தொடரச் சொன்னார். ஷாம்ரொக்கோ, தான் தட்டியது உண்மை என்று தானே ஒப்புக்கொண்டார். விட்டவரைவிட, ஒப்புக்கொண்டவர்தான் என் கண்ணில் பெரியவர்.

மறுபக்கம் பிரேசிலின் ரூசிமார் பல்ஹாரெஸ். குதிகாலைப் பிடித்துக் காலைத் திருகும் குதிகால் பூட்டில் கைகாரர். அந்தப் பூட்டில் வலி பிந்தித்தான் வரும்; வலிக்கிறதே என்று உணர்வதற்குள் முழங்காலில் தசைநார் கிழிந்திருக்கும். அங்கே ஒரு நொடி தாமதம் என்பது ஒரு வருட நொண்டல். 2013இல் எதிராளி தட்டிய பின்னும் பிடியை விடாததால் யூஎஃப்சி அவரை நீக்கியது. திருந்தினாரா? 2015இல் வேறோர் அமைப்பில் அதே குற்றச்சாட்டு. பட்டம் பறிபோனது, நெவாடா ஆணையம் இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. அப்போது அவர் போட்டது தோளைத் திருகும் கிமுரா பூட்டு. 1951இல் பிரேசிலின் மரக்கானா அரங்கில் அதே பூட்டில் அகப்பட்டும் தட்ட மறுத்துக் கை முறிந்த, ரொய்ஸின் தந்தை எலியோ கிரேசியின் கதையையும் சொல்ல வைத்திருந்தேன், தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

பெற்றோருக்கு மட்டும் அவசரமாக ஒன்று. பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு மாலை வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் தொங்கும் பதக்கங்களை எண்ண வேண்டாம். ஒரு பிள்ளை தட்டும்போது மற்றப் பிள்ளையின் கையைப் பாருங்கள், ஆசிரியர் எங்கே பார்க்கிறார் என்றும் பாருங்கள். காதுக்குள்... சரி, தயாரிப்பாளர் கண்ணாடியில் தட்டியே விட்டார். விடுகிறேன், வணக்கம்.