மேசையில் இல்லாத பாட்டில்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க டிவி எழுத்தாளர் ராட் செர்லிங் என்றதும் எனக்கு முதலில் ஒரு கோகோ கோலா பாட்டில்தான் ஞாபகம் வரும். காரணம் சொல்கிறேன்.

1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கடத்திக் கொன்றார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. செர்லிங்குக்கு மனசு ஆறவில்லை. டிவிக்கு ஒரு நாடகம் எழுதினார். கொல்லப்படுபவரை ஒரு யூதக் கிழவராக மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் இது டில் கதைதான் என்று செய்தி கசிந்துவிட்டது. எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன, ஸ்பான்சர் பயந்துபோனார். கதை அமெரிக்காவிலேயே வடக்கே நியூ இங்கிலாந்து என்ற பகுதிக்கு நகர்ந்தது. இறந்தவர் யாரோ ஓர் அந்நியர் ஆனார். செட்டில் இருந்த கோக் பாட்டில்களைக்கூட எடுத்துவிட்டார்கள், அவை தெற்கு மாநிலங்களை நினைவுபடுத்தும் என்று! 1956இல் ஒளிபரப்பானபோது கதையில் உயிரே இல்லை.

இத்தனைக்கும் அவர் அப்போது பேர் பெற்ற எழுத்தாளர். முந்தைய ஆண்டு ஜனவரியில் நேரலையாக வந்த அவருடைய ஒரு நாடகத்தை, ரசிகர்கள் கேட்டார்கள் என்று அடுத்த மாதமே மறுபடி நடித்துக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் இது நடக்காத காரியம்.

போரையும் பார்த்தவர். பிலிப்பைன்ஸில் பாராசூட் படைவீரராக இருந்தபோது, விமானத்திலிருந்து போட்ட உணவுப் பெட்டி விழுந்து நண்பர் ஒருவர் அவர் கண்ணெதிரே செத்தார். இன்னார்தான் சாவார் என்று எந்தக் கணக்கும் இல்லாத உலகம் அது. அவர் கதைகளில் வரும் திடீர்த் திருப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் தோன்றும்.

சரி, நிஜ மனிதர்களை வைத்துச் சொல்ல விடவில்லை, கற்பனை உலகத்தை வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தார். 1959இல் தானே தயாரிப்பாளராகி 'தி ட்விலைட் ஸோன்' என்ற விசித்திரக் கதைகளின் டிவி தொடரைத் தொடங்கினார். மொத்தம் 156 கதைகள். அதில் 92 அவர் எழுதியவை. ஒரு கதையில் ஒரு தெருவில் கரண்ட் போகிறது. வேற்றுக்கிரகவாசி நம் நடுவிலேயே இருக்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. இருட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரனையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதில் எந்த ஸ்பான்சர் எதை வெட்டுவார்?

அப்புறம் 1964 மார்ச்சில் இன்னொரு கதை. ஒரு சின்ன ஊரில், தூக்குத்தண்டனை நாளன்று சூரியன் உதிக்கவே இல்லை. வெறுப்புதான் அந்த இருட்டு. கடைசியில், இருட்டு வேறு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ரேடியோ வாசிக்கிறது. அந்தப் பட்டியலில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் இருக்கிறது. பாட்டிலை எடுத்து மறைத்த அதே தெற்கு, இந்த முறை ஊர் பெயரோடு.