தைராய்டு கண் நோய்: கண் பெருக்கவில்லை, பின்னால் இடம்தான் போதவில்லை

முழி பிதுங்கி நிற்கிற ஒருவரைப் பார்த்தால் "கண் பெருத்துப் போச்சு" என்கிறோம் இல்லையா? கண் பெருக்கவே இல்லை. அந்த உருண்டை பழைய அளவில்தான் இருக்கிறது. வீங்குவது அதற்குப் பின்னால்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேவ்ஸ் நோயில் உடம்பே தன் தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவை சுரப்பியில் போய் ஒட்டும் அதே வாங்கி (receptor, கலத்தின் மேலுள்ள பூட்டு மாதிரி), கண்ணுக்குப் பின்னால் இழையங்களைத் தாங்கி இணைக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் கலங்களிலும் இருக்கிறது. அங்கேயும் அழற்சி தொடங்கிவிடுகிறது.

சரி, இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் கலங்கள் எதைச் சுரந்து தள்ளுகின்றன தெரியுமா? ஹையலூரோனிக் அமிலம். முகத்துக்குப் பூசும் சீரம் போத்தலில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அதேதான்! தண்ணீரை இழுத்துப் பிடித்து வைப்பது அதன் குணம். தோலுக்கு அது நல்லது, ஆனால் கண்ணை அசைக்கும் தசைகளுக்குள் தேங்கினால் தசை தடித்துவிடும், மேலே பார்க்கும்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். போதாததற்குச் சில ஃபைப்ரோபிளாஸ்டுகள் கொழுப்புக் கலங்களாகவே மாறிவிடுகின்றன.

இதெல்லாம் நடக்கும் இடம் எவ்வளவு? கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லிலீட்டர், சுற்றிவர எலும்பு, முன்பக்கம் மட்டும் திறப்பு. பின்னேரம் வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ்ஸைப் பாருங்கள், உள்ளே நெருக்க நெருக்க மிதிபலகையில் நிற்பவர் வெளியே தொங்குவார். அவர்தான் கண். உள்ளே 4 மில்லிலீட்டர், ஒரு தேக்கரண்டி கூட இல்லை, கூடினாலே கண் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் முன்னுக்கு வந்துவிடும்.

அந்த பஸ்ஸில் உண்மையில் ஆபத்தில் இருப்பவர் தொங்குபவர் இல்லை, பின்மூலையில் நசுங்குபவர். அங்கே, குழி குறுகும் இடத்தில், பார்வை நரம்பு இருக்கிறது. கண் வெளியே வந்தால் உள்ளே அழுத்தம் ஓரளவு குறையும், வர முடியாமல் இறுகி நின்றால் நரம்பு நெரிபடலாம். அதனால் "அவ்வளவாகப் பிதுங்கவில்லையே" என்று தயவுசெய்து ஆறுதல்பட வேண்டாம். ஒரு சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள், கொழும்பில் இருப்பவர்களுக்கு தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. நிறம் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக கிளினிக் திகதியை விட்டுவிடவும் கூடாது.

சிகிச்சை தனி வீடியோவுக்கான விஷயம்: நாளத்தில் ஏற்றும் ஸ்டீராய்டு, எலும்புச் சுவரைத் திறந்து இடம் உண்டாக்கும் சத்திரசிகிச்சை, 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற மருந்து எனப் பல வழிகள் உண்டு.

ஆனால் சிகரெட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் கூட, வந்தால் கடுமையும் கூட, மருந்தும் சரியாக வேலை செய்யாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயடீன் கொடுக்கப் போகிறார்கள் என்றால், கண்ணில் ஏதாவது குறை இருப்பதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், சிலருக்கு அது கண்ணை மோசமாக்கும். அந்தச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் இந்த வீடியோவை இப்போதே அனுப்பிவிடுங்கள்.